கொடுக்க ஆளில்லாத ஊர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தபோது நான் படுக்கையில். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றதற்கு முழங்கால் கொடுத்த தண்டனை.

எனக்குப் பின்னால் ஒரு பொடியன் பாட்டியைத் துளைத்துக்கொண்டிருந்தான்: "சொர்க்கத்துக்குப் போயிட்டு எப்போ திரும்பி வருவோம்?" "போனா வர வேண்டாம்டா" என்றாள் பாட்டி. இரண்டு பேரும் சொன்னது சரி! நாம் சொர்க்க வாசல் என்கிறோமே தவிர, அது பரமபத வாசல், வைகுண்டத்தின் வாசல். பரமபதம் போனால் திரும்புவதில்லை. இந்திரனுடைய சொர்க்கம் லாட்ஜ் மாதிரி, புண்ணியம் தீர்ந்தால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். கீதை ஒன்பதாம் அத்தியாயத்திலேயே இது இருக்கிறது. இந்திரனுக்கே ஒரு மன்வந்தரம்தான், அதாவது ஒரு மனுவின் காலம்தான், பதவி. பிரம்மாவின் ஒரு பகலில் 14 இந்திரர்கள் வந்து போய்விடுவார்கள்.

முத்கலர் கதை ஞாபகம் இருக்கிறதா? மகாபாரதத்தில் வன பர்வத்தில் வரும். வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்கிச் சாப்பிடுகிறவர். துர்வாசர் ஆறு முறை வந்து இருந்ததையெல்லாம் தின்று தீர்த்தும் முகம் சுளிக்கவில்லை. சொர்க்கத்துக்கு அழைத்துப்போக விமானத்தோடு தேவதூதன் வந்து நிற்கிறான். மனிதர் ஏறவில்லை, "அந்த ஊரில் நல்லது என்ன, கெட்டது என்ன, சொல்" என்கிறார். தூதன் சொல்கிறான்: பசி இல்லை, வெயில் இல்லை, மாலை வாடாது. ஆனால் சேர்த்ததைச் செலவழிக்கலாமே ஒழிய, புதிதாக ஒன்றும் சேர்க்க முடியாது. கீழே விழும் நேரம் வந்தால் கழுத்து மாலை வாடத் தொடங்குமாம். "நீ விமானத்தைத் திருப்பிக்கொண்டு போ" என்றுவிட்டார் முத்கலர்.

படுத்த படுக்கையில் புறநானூற்றைப் புரட்டியபோது 38-ஆம் பாட்டு கண்ணில் பட்டது. சோழன் கிள்ளிவளவனிடம் புலவர் ஆவூர் மூலங்கிழார் சொல்கிறார்: அந்த உலகத்தில் "உடையோர் ஈதலும் இல்லோர் இரத்தலும்" கிடையாது, அதனால் பகைவர் நாட்டில் இருந்தாலும் பரிசிலர், அதாவது பரிசு தேடி வருகிறவர்கள், உன் நாட்டைத்தான் நினைப்பார்கள் என்று. எனக்கு முத்கலரைவிட இவரைப் பிடித்திருக்கிறது. முத்கலர் கணக்குப் பார்த்தார். இவருக்குக் கேட்கவும் கொடுக்கவும் ஆளில்லாத ஊரே சலிப்பு.

அப்புறம், உன் வீட்டு நெல்லி காய்த்துக் கொட்டுகிறது என்று எழுதியிருந்தாயே, ஏகாதசி விரதத்தை மறுநாள் முடிக்கும் துவாதசிப் பாரணைக்கு நாலு காய் தேடி இங்கே கடைகடையாக அலைந்தோம். ஒரு பை அனுப்பு. ஊறுகாய் போட்டுப் பாதி பாட்டில் திருப்பி அனுப்பச் சொல்கிறேன். முழுப் பாட்டில் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்