மியாகோவில் இருக்கும் மகளுக்கு

அன்பு நிலாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். ஜப்பானில் கடலோர ஊரான மியாகோவுக்கு உனக்கு மாற்றல் ஆனதில் அம்மாவுக்கு முழுச் சந்தோஷம், எனக்குப் பாதி. "14.7 மீட்டர் சுனாமி மதில், கடலுக்கு அடியில் உணர்கருவிகள், எல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும்பா" என்று எழுதியிருந்தாய். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

பக்கத்துத் தாரோவின் கதையை நீயும் கேட்டிருப்பாய். 1896, 1933 இரண்டிலும் சுனாமி துடைத்துப் போட்ட ஊர். 1934-இல் தொடங்கி 1958-இல் 10 மீட்டர் மதிலைக் கட்டி முடித்தார்கள். கட்டியவர்கள் கடலை நிறுத்திவிடலாம் என்று எண்ணவில்லை. அலையை ஓரமாக ஒதுக்கி, ஜனங்கள் மலையேறும் வரை தாக்குப்பிடித்தால் போதும் என்றுதான் கட்டினார்கள். தெருக்களைக்கூட மலைக்கு ஓட வசதியாகப் போட்டார்கள். அந்த மனிதர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை.

பின்னால் வந்தவர்கள் கடல் பக்கம் இன்னும் மதில் எழுப்ப, மொத்தம் 2.4 கிலோமீட்டர் ஆனது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பழைய மதிலுக்கு வெளியே, புது மதிலின் தைரியத்தில், தாழ்வான இடத்தில் வீடுகள் முளைத்தன.

2011 மார்ச் 11. பூமி ஆடிய 3 நிமிடத்தில் எச்சரிக்கை வந்துவிட்டது. ஆனால் 9.0 அளவு நிலநடுக்கத்தை முதலில் 7.9 என்று கணித்திருந்தார்கள். அதனால் தாரோ இருக்கும் இவாத்தே மாநிலக் கரைக்கு 3 மீட்டர் அலை என்று அறிவிப்பு. 10 மீட்டர் மதிலுக்குப் பின்னால் இருப்பவன் 3 மீட்டர் என்று கேட்டால் எதற்கு எழுந்து ஓடுவான்? பிறகு அளவைக் கூட்டிச் சொன்னபோது, மின்சாரம் போன இடங்களில் பலர் காதில் அது விழவே இல்லை. அலை மதிலைத் தாண்டியது. கடலோரப் புது மதில் உடைந்தது. பழையது நின்றது, அதன் தலைக்கு மேல் தண்ணீர் போனது. தாரோவில் மட்டும் 150 பேருக்கு மேல் போனார்கள்.

அதற்குப் பிறகு ஜப்பான்காரர்கள் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. மிகப் பெரிய நிலநடுக்கம் என்றால் முதல் எச்சரிக்கையில் இப்போது மீட்டர் கணக்கே சொல்வதில்லையாமே! 'மிகப் பெரிய அலை' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்களாம். தெரியாததைத் தெரியாது என்று ஒரு அரசாங்க அலுவலகம் ஒத்துக்கொள்வது லேசான விஷயமா?

நான் பொறியியலைப் பழிக்கவில்லை, உன்னை அதில் சேர்த்துவிட்டதே நான்தானே. 2004-இல் நம் கல்பாக்கத்தில் கடல்நீர் உள்ளே வந்தும் அணு உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். ஆனால் கரையோரக் குடியிருப்பில் இருந்தவர்களை அலை கொண்டுபோயிற்று.

வாடகை கொஞ்சம் கூடினாலும் மேட்டுப் பக்கம் வீடு பார். அங்கிருந்து இன்னும் மேலே ஏறும் வழியை இருட்டில் ஒரு தடவை நடந்து பழகு. பூமி நீண்ட நேரம் ஆடினால் போனில் எத்தனை மீட்டர் என்று தேடிக்கொண்டு நிற்காதே, ஏறிவிடு. எங்களிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டாயா என்று விசாரிக்கிறாள். பார்சலில் அனுப்பலாமா என்று எழுது.

அன்புடன்,
அப்பா