வாலிபர் சங்க நோட்டுகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு,

குமரி மாவட்டத்தில் பழைய கிறிஸ்தவ ஆலயங்களை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் தப்பிவிடுகின்றன. வாலிபர் சங்க மினிட்ஸ், சந்தா நோட்டு, வாலிபால் டீமின் வரவு செலவு போன்றவை எடைக்குப் போய்விடுகின்றன. ஆண்கள் ஆலயத்தோடு ஏன் ஒட்டினார்கள், ஏன் விலகினார்கள் என்பதற்கான சாட்சி இந்த நோட்டுகளில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் மதம், ஆண்மை, நகர வாழ்க்கை மூன்றையும் சேர்த்து ஆராயும் வரலாற்றாசிரியர்கள் இத்தகைய தாள்களை வைத்தே ஆயுள் முழுக்க வேலை செய்கிறார்கள். பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்த இளைஞர்களுக்காக அங்கே ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கம் ஜிம் கட்டியது. அந்த ஒய்.எம்.சி.ஏ. வட்டாரத்தில்தான் 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தையும், 1895-இல் வில்லியம் மார்கன் வாலிபாலையும் உருவாக்கினார்கள். ஆலயங்களில் பெண்களே அதிகம் என்ற கவலையில், 1911-12-இல் ஆண்களை இழுக்க நகரம் நகரமாக ஓர் இயக்கமே நடந்தது. அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் உடற்கல்விப் பள்ளி தொடங்கினார். அங்கிருந்து நம் ஊர் ஆலய மைதானம் வரை அந்தத் தடத்தைத் தொடர வேண்டுமானால் நோட்டு வேண்டும். மிஷனரிகள் எழுதிய கடிதங்கள் லண்டனில் பத்திரமாக உள்ளன. ஊர்க்காரர் எழுதியது நம் பீரோவில் மட்டும்தான்.

அந்த அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் வேலை செய்யும் விதம் இது: உறுப்பினர் பட்டியலை, பெயர், தொழில், முகவரி அச்சிட்ட அந்த ஆண்டு நகர டைரக்டரியோடும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களோடும் ஒப்பிட்டு, வீடுகளை வரைபடத்தில் குறிப்பார்கள். வந்தவர் குமாஸ்தாவா, மில் தொழிலாளியா, நடந்து வந்தாரா, டிராமில் வந்தாரா என்பது தெரிந்துவிடும். அங்கே அந்தக் கணக்கெடுப்புத் தாள்களை 72 ஆண்டு கழித்துத் திறக்கிறார்கள். 1950-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022-இல் வெளிவந்தன. இந்தியாவில் தனிநபர் தாள்களைத் திறப்பதே இல்லை. அதனால் சபை நோட்டு நமக்கு இன்னும் முக்கியம்.

இங்கே தடுக்கி விழும் இடம் பெயர். ஒரே விளையில், அதாவது ஒரே சிற்றூரில், மூன்று செல்வராஜ் இருப்பார்கள். தகப்பன் பெயர், வீட்டுப்பெயர், தொழில் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகாமல் ஒரே ஆள் என்று முடிவு செய்யக்கூடாது. திருவிதாங்கூர் காலப் பத்திரங்களோடு ஒப்பிடும்போது அங்கே வழங்கிய கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக மாற்றுவதில் கவனம் வேண்டும்: ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரை 824-ஐயும், ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை 825-ஐயும் கூட்ட வேண்டும். கொல்லம் 1100 ஆவணி என்றால் 1924, அதே ஆண்டுச் சித்திரை 1925. எல்லாவற்றுக்கும் 825 கூட்டி, பிறக்காத பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடும் ஆய்வேடுகள் உண்டு.

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. நனைந்த நோட்டை வெயிலில் வைத்தால் தாள் சுருங்கி மசி வெளுக்கும். ஒட்டிய பக்கங்களைப் பிரிக்காமல், ஃபேன் காற்றில், இடையிடையே வெள்ளைத்தாள் வைத்து மாற்றிக்கொண்டே உலர்த்த வேண்டும். செல்லோடேப் ஒட்டாதீர்கள், பழுப்பேறி எழுத்தையும் உரித்துவிடும். லேமினேஷனும் வேண்டாம், பின்னால் பிரிக்க முடியாது. துருப்பிடித்த பின்னை எடுத்துவிடுங்கள். கறையான் ஏறாமலிருக்க பீரோவைச் சுவரை விட்டு அரை அடி தள்ளி, கால் உயர்த்தி வையுங்கள்.

ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், அட்டை முதல் அட்டை வரை செல்போனில் படமெடுத்தாலே போதும். வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள். இல்லாவிட்டால் கிழிந்து போனதா, எழுதாமல் விட்டதா என்ற சந்தேகம் தீராது. இரண்டு பிரதிகளை இரு வேறு கட்டிடங்களில் வையுங்கள்.

ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்புகளில் குடும்ப விஷயங்கள் இருக்கும் என்று கமிட்டிகள் தயங்குவது நியாயமே. அந்த 72 ஆண்டுக் கணக்கை நாமும் வைத்துக்கொண்டு, 72 ஆண்டு ஆகாதவற்றைப் பூட்டி வைக்கலாம். கட்டிடக் கமிட்டியின் முதல் கூட்டத்திலேயே இதற்கு இருவரை நியமித்து, படமெடுத்து முடிந்த பிறகு இடிக்கும் தேதியைக் குறியுங்கள்.

வரலாற்று ஆய்வாளர்கள் சிலர்,
நாகர்கோவில்