முதல் வாரமே முழுப் பெட்டி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வயரிங் வேலை பழக வரும் பிள்ளைகள் பலர், முதல் வாரமே கடன் வாங்கிப் பெரிய டூல் செட்டோடு வந்து நிற்கிறார்கள். நானும் எலெக்ட்ரீஷியன்தான். அந்தப் பெட்டியில் பாதியைத் தொடவே மாட்டார்கள். கட்டிங் பிளேயர், இரண்டு ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர், ஒயர் ஸ்டிரிப்பர், அளவு டேப் போதும். மற்றதை வேலை கேட்கும்போது ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

பிளேயரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அதன் வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெட்டும் விளிம்புகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் வாங்காமல் கடையிலேயே வைத்துவிடுங்கள். மெல்லிய கம்பியை அது வெட்டாது, மென்று துப்பும். அப்புறம், மின்காப்பைக் காட்டும் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடியில் பளபளவென்று உறை போட்டதெல்லாம் மின்காப்பு ஆகிவிடாது. (குறி இருந்தாலும் மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், அது வேறு.)

சுத்தியல், உளி பழையதாகக் கிடைத்தாலும் சரி. உறை கீறிய பிளேயரைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வேலை எடுத்துச் செய்யும் காண்டிராக்டர்களுக்கும் ஒன்று: டிரில்லிங் மெஷின், மெகர் (ஒயரின் மின்காப்பைச் சோதிக்கும் கருவி) எல்லாம் நீங்கள் கொடுக்க வேண்டியவை. அதையும் பழகுநர் தலையில் கட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு எலெக்ட்ரீஷியன்