மூன்றாவது கட்டத்தில் தாத்தா பேச வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை இதழில் புதிய படக்கதைக்குக் கீழே பொடி எழுத்தில் 'இந்தத் தொடர் பற்றி வாசகர்கள் எழுதலாம்' என்று போட்டிருந்தீர்கள். மூன்று வாரமாக அந்தத் தாத்தாவையும் பேத்தியையும் விடாமல் படித்துவருகிறேன். பிடித்திருக்கிறதா என்றால் பிடித்திருக்கிறது, காலையில் தலைப்புச் செய்திக்கு முன்னால் அதைத்தான் தேடுகிறேன். ஆனால் அதை மட்டும் எழுதி அனுப்பினால் ஓவியருக்கு என்ன பயன்? அதனால் குறைகளையும் சொல்லிவிடுகிறேன்.

போன புதன்கிழமை வந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் பேத்தி குடையை விரித்துத் தாத்தா தலைக்கு மேலே பிடிக்கப் பார்க்கிறாள், எம்பியும் எட்டவில்லை. இரண்டாவது கட்டத்தில் தாத்தா இடுப்பை வளைத்துக் குனிந்து நடக்கிறார், தலை மட்டும் குடைக்குள், முதுகு முழுக்க மழை. இந்த இரண்டு கட்டத்திலும் ஒரு வார்த்தை கிடையாது, நான் சிரித்தே விட்டேன். அப்புறம் மூன்றாவது கட்டத்தில் தாத்தா வாயைத் திறந்து, 'குடை இருந்தும் நான் நனைந்துவிட்டேன், நீ இன்னும் வளர வேண்டும்!' என்கிறார். இது எதற்கு? படம் சொல்லி முடித்ததைத் திரும்ப வசனத்தில் சொன்னால் சிரிப்பு அங்கேயே அடங்கிப்போகிறது. அதைவிட வருத்தம், பேத்தியின் முகம். தாத்தாவை நனையாமல் காப்பாற்றிவிட்டோம் என்று அவளுக்கு அவ்வளவு பெருமை, ஓவியர் அதை அழகாக வரைந்திருக்கிறார், அதில் பாதியை அந்த வசன பலூன் மறைத்துக்கொண்டு நிற்கிறது. ஓவியர் தன் கையை இன்னும் கொஞ்சம் நம்பலாம், எங்களையும் கொஞ்சம் நம்பலாம்.

வசனம் என்றதும் இன்னொன்று. பேத்திக்கு ஆறேழு வயதிருக்கும். அவள் 'தாத்தா, நான் இன்று பள்ளிக்குச் செல்லவில்லை' என்கிறாள். எந்தக் குழந்தை 'செல்லவில்லை' என்று பேசும்? 'நான் இன்னிக்கு ஸ்கூலுக்குப் போகல தாத்தா' என்று சொல்ல வைத்தால் என்ன? எந்த ஊர்ப் பேச்சு என்று யாராவது சண்டைக்கு வருவார்கள், வரட்டும், அதையும் கடிதமாக எழுதட்டும். பேச்சுத் தமிழில் இடமும் மிச்சம். 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்ற ஒரே சொல் ஒருநாள் பலூனுக்குள் 'போய்க்கொண்', 'டிருக்கி', 'றேன்' என்று மூன்று வரியாக உடைந்து கிடந்தது, எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். 'போயிட்டிருக்கேன்' என்றால் கொஞ்சம் நெருக்கி ஒரே வரியில் அடங்கியிருக்கும். எழுத்தளவும் பத்தவில்லை, கண்ணாடி போட்டும் சில இடங்களில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

ஓவியரைச் சொன்னது போதும், இனி உங்களுக்கு. இந்தத் தொடர் திங்கள்கிழமை நான்காம் பக்கத்தில் வருகிறது, செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் பக்கம், விளம்பரம் கூடிவிட்டால் எங்குமே இல்லை. தினமும் ஒரே இடத்தில் இருந்தால்தான் கண்ணுக்குப் பழகும். தினத்தந்தியில் 1960-ல் தொடங்கிய கன்னித்தீவை நினைத்துப் பாருங்கள். இழுத்துக்கொண்டே போகிற எதையும் 'கன்னித்தீவு மாதிரி' என்று கேலி செய்கிறோம், அந்தத் தொடரை வாசிக்காதவர்கள்கூட அப்படிச் சொல்கிறார்கள். நாள் தவறாமல் வந்துகொண்டே இருந்ததால்தான் ஒரு படக்கதை பேச்சு வழக்கில் இடம் பிடித்தது.

எனக்கு உள்ளூர ஒரு பயமும் உண்டு. வருகிற கடிதங்களை எண்ணிப் பார்த்து, திட்டுகிறவர்கள் அதிகம் என்று தொடரை நிறுத்திவிடுவீர்களோ என்று. பிடித்தவர்கள் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள், பிடிக்காதவர்தான் உட்கார்ந்து எழுதுவார். 'பீனட்ஸ்' என்ற அமெரிக்கப் படக்கதையை வரைந்த சார்லஸ் ஷுல்ஸுக்கு இப்படி ஒரு கடிதம் போனது. 1954 நவம்பரில் அவர் எப்போதும் சத்தமாகவே பேசும் ஒரு சிறுமியைக் கதைக்குள் கொண்டுவந்தார். அவளை எடுத்துவிடுங்கள் என்று ஒரு வாசகி எழுதினார். ஷுல்ஸ் அதற்கு ஒத்துக்கொண்டார், ஆனால் ஒரு பச்சைப் பிள்ளையின் சாவு உங்கள் மனசாட்சியில் இருக்கும், அந்தப் பொறுப்பை ஏற்கத் தயாரா என்ற ரீதியில் பதில் எழுதி, கீழே அந்தச் சிறுமியின் தலையில் கோடரி இறங்கியிருப்பதுபோல ஒரு படமும் போட்டு அனுப்பினார். 1955 பிப்ரவரிக்குப் பிறகு அவள் வரவில்லை. அதே ஷுல்ஸுக்கு 1968-ல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட சில நாட்களில், ஓர் ஆசிரியை எழுதினார், உங்கள் கதையில் ஒரு கறுப்பினக் குழந்தையும் இருக்கக்கூடாதா என்று. ஷுல்ஸ் முதலில் தயங்கினார், கடிதங்கள் போய் வந்தன, அந்த ஜூலை மாதமே பிராங்க்ளின் என்ற பையன் வந்து சேர்ந்தான். இரண்டுமே வாசகர் கடிதம்தான், எதற்குக் காது கொடுப்பது என்பது உங்கள் பாடு. மூன்று வாரத்தில் மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். தாத்தாவின் மூக்கே இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை, நாளுக்கு ஒரு நீளத்தில் இருக்கிறது. ஓவியருக்கே கை பழக மாதங்கள் ஆகும்.

கடைசியாக ஒரு விஷயம், இது என் மகளின் கேள்வி. இரண்டாவது வாரத்தில் ஒரே ஒரு நாள், பின்னால் இருக்கும் மதில்மேல் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, தாத்தாவைப் பார்த்து முகத்தைச் சுளித்தபடி இருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் தினமும் வசனத்தைப் படிப்பதற்கு முன்னால் மதிலைத்தான் பார்க்கிறாள். கீரை தின்னும் பாப்பாய்கூட, வேறு பாத்திரங்களை வைத்து 1919 முதல் ஓடிக்கொண்டிருந்த ஒரு படக்கதையில், 1929-ல் ஒரு கப்பல் பயணத்துக்காக மட்டும் வந்தவர்தான். வேலை முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள், வாசகர்கள் விடவில்லை, திரும்பி வந்து கதையையே தன்னுடையதாக்கிக்கொண்டார். அந்த அளவுக்கெல்லாம் நாங்கள் கேட்கவில்லை. பூனை எங்கே போனது என்று மட்டும் ஓவியரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்