சத்தம் வந்தால் போதுமா? இணையச் சந்தையின் குறைதீர்ப்பு அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

ஐயா அல்லது அம்மா,

வணக்கம். என் புகார் எண்ணைத் தட்டினாலே முழுக்கதையும் உங்கள் திரையில் வந்துவிடும் என்பதால் ஆரம்பத்திலிருந்து சொல்லப் போவதில்லை. கமோடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியில் ஒலி எழுப்பும் 6581 என்ற ஐசி (சிப்), "அசலுக்கு நூறு சதவீதம் சமம்" என்ற விளம்பரம், வந்து சேர்ந்த பச்சை போர்டு, நான் கேட்ட ரிட்டர்ன், "பொருளில் குறை இல்லை" என்று நீங்கள் மறுபடியும் மூடிய புகார். எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் கேட்பது இதுதான்: டூப்ளிகேட்டை டூப்ளிகேட் என்று எழுதி விற்கச் சொல்லுங்கள், ரிட்டர்ன் கேட்டால் சத்தம் வருகிறதா என்று பார்க்காமல் விளம்பரத்தில் சொன்னது நடக்கிறதா என்று பாருங்கள்.

டூப்ளிகேட் மேல் எனக்குக் கோபமே இல்லை. கமோடோர் கம்பெனி 1994-லேயே மூடிவிட்டது, பாப் யானஸ் வடிவமைத்த இந்த ஐசியை அதற்கப்புறம் அந்த வடிவில் யாரும் செய்வதில்லை, இருப்பதும் சூட்டிலும் பழைய பவர் சப்ளை கெட்டு ஏறும் வோல்டேஜிலும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே மாற்று ஐசி வேண்டும். ஆர்ம்சிட், எஃப்பிஜிஏசிட் என்ற பெயர்களில் மாற்று ஐசி செய்கிறவர்கள் இருக்கிறார்கள், தாங்கள் விற்பது மாற்று என்பதை அவர்கள் மறைப்பதில்லை. விலை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். விலை மலிவாகவும் இருந்து, இன்னது வேலை செய்யும் இன்னது செய்யாது என்று எழுதியும் இருந்தால் நானே நாலு வாங்கி நண்பர்களுக்குக் கொடுப்பேன்.

என் கணினி, ராணிப்பேட்டைத் தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்த மாமா ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தது. அங்கேயும் இங்கேயும் டிவி ஒளிபரப்பு ஒரே 'பால்' (PAL) முறை என்பதால் சிக்கல் இல்லாமல் ஓடியது. அதன் ஐசி போனதால்தான் உங்களிடம் வந்தேன். புதிதாக வந்ததை மாட்டியதும் பாட்டு வந்தது, மறுக்கவில்லை. இந்த ஐசி ஒரே நேரத்தில் எழுப்பும் மூன்று ஒலிகளும், அதாவது மூன்று குரலும், கேட்டன. ஆனால் ஒலியை வடிகட்டி அதன் தன்மையை மாற்றும் ஃபில்டரை மேலும் கீழும் ஓட்டினால் ஒலியில் ஒரு மாற்றமும் இல்லை. அசல் 6581-இலேயே ஒன்றுக்கொன்று ஃபில்டர் வித்தியாசப்படும், அதனால் "டோன் சரியில்லை" என்று நான் புகார் கொடுக்கவே இல்லை. இங்கே ஃபில்டர் இருப்பதாகவே தெரியவில்லை என்றுதான் எழுதினேன்.

அடுத்தது காதை நம்ப வேண்டிய சோதனைகூட இல்லை. மூன்றாவது குரலை இரைச்சலில் வைத்து கணினி நினைவகத்தில் 54299 என்ற முகவரியில் உள்ள எண்ணைப் படித்தால், அசலில் 0 முதல் 255 வரை எண்கள் மாறிக்கொண்டே வரும். விளையாட்டு எழுதியவர்கள் சீட்டுக் குலுக்குவதுபோல இந்த எண்களைப் பயன்படுத்தினார்கள். உங்கள் ஐசியில் ஒரே எண்தான், எத்தனை முறை படித்தாலும் அதே எண். விளையாட்டுக்கான திருகு குமிழான பேடிலைத் திருப்பினால் 54297-இல் உள்ள எண் மாற வேண்டும், அதுவும் அசையவில்லை. என் கணினியில்தான் கோளாறோ என்று குடியாத்தம் நண்பர் தன் அசல் ஐசியைக் கொண்டுவந்து அதே சாக்கெட்டில் போட்டார். எல்லாம் ஒழுங்காக வந்தன. ஐசிக்கு மின்சாரம் வரும் 28-ஆம் பின்னில் 12 வோல்ட் இருப்பதையும் அளந்தோம். இதற்கு மேல் என்ன செய்வது?

நீங்கள் வீடியோ கேட்டீர்கள், அனுப்பினேன். "வீடியோவில் சத்தம் கேட்கிறதே சார்" என்று பதில் வந்தது. சரி, திரையில் ஒரே எண் வரிசையாக வருவதை எடுத்து அனுப்பினேன். "டிஸ்ப்ளேயில் எண்கள் தெரிகின்றன, பொருள் இயங்குகிறது" என்று எழுதினீர்கள். அப்புறம் அக்னி நட்சத்திர வெயிலில், வேலூர் மத்தியான வெயிலைத்தான் சொல்கிறேன், ஒரு தம்பியை பைக்கில் சத்துவாச்சாரிக்கு அனுப்பினீர்கள். மிக்சியும் டிவியும் பார்க்கிறவர். தண்ணீர் குடித்துவிட்டு மேஜையைப் பார்த்து, "இது கீபோர்டா சார், சிபியு எங்கே?" என்றார். கீபோர்டுக்குள்ளேதான் கணினியே இருக்கிறது என்று காட்டினேன். ஆர்வமாகத்தான் பார்த்தார், அசலையும் இதையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டியதும் வித்தியாசம் அவருக்கே புரிந்தது. "நீங்க சொல்றது கரெக்ட் சார், ஆனா ஃபார்ம்ல அதுக்கு எடமில்ல" என்றார். பவர் வருகிறதா, உடைந்திருக்கிறதா, சத்தம் வருகிறதா, மூன்றே கட்டம். அவர் மூன்றையும் உண்மையாகவே நிரப்பினார். அதை வைத்து நீங்கள் புகாரை மூடினீர்கள். அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை, அந்த ஃபார்மை எழுதியவரைத்தான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இரண்டையும் செய்துவிட்டீர்கள், 'மூடுவது' தீர்ப்பதாகுமென்றால். ஆனால் அதே விதிகளில், விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் இல்லாத பொருளை விற்பவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. 'சத்தம் வந்தால் போதும்' என்று எந்த வரியிலும் இல்லை.

எங்கள் லாங்கு பஜாரில் குடம் வாங்கினால்கூடத் தட்டிப் பார்க்க விடுவார்கள். இங்கே காசு கொடுத்து, காத்திருந்து, சோதித்து, நிரூபித்து, அப்புறமும் நாங்கள்தான் விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது. "நூறு சதவீதம்" என்று எழுத ஒரு விற்பனையாளரிடமும் நீங்கள் வீடியோ கேட்பதில்லை போலிருக்கிறது. பொருள் எந்த நாட்டில் செய்தது என்ற இடத்தில் அவர் "ஒரிஜினல்" என்று எழுதியிருக்கிறார், அப்படி ஒரு நாடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் சொல்லுங்கள், விசா எடுக்கிறேன். பழைய கணினி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், இவர்கள் கத்தி என்ன ஆகப்போகிறது என்ற கணக்கும் இருக்கலாம். இதே ஃபார்மை வைத்துத்தான் ஃபேன் ரெகுலேட்டரும் காது மெஷினும் வாங்கியவர்களையும் திருப்பி அனுப்புகிறீர்கள் என்றால், அது கொஞ்சம் பேர் விஷயமில்லை.

கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன், மன்னிக்கவும். பணிவாகவே கேட்கிறேன். அந்த விளம்பரத்தில் "மாற்று ஐசி, ஃபில்டர் இல்லை, பேடில் வேலை செய்யாது" என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஃபார்மில் "விளம்பரத்தில் சொன்னபடி இருக்கிறதா" என்று நான்காவது கட்டம் ஒன்று போடுங்கள். என் புகாரைத் திறந்து பணத்தைத் திருப்புங்கள், ஐசியை டப்பாவோடு அப்படியே வைத்திருக்கிறேன், ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். மறுப்பதாக இருந்தால் எந்தக் காரணத்துக்காக என்று எழுத்தில் கொடுங்கள். வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்