ஏற்காட்டு மலைத்தடத்தில் எங்களைத் தாங்கியவர்களுக்கு

சேர்வராயன் மலை மக்களுக்கும், சேலத்தில் எங்களுக்காகக் கவலைப்பட்ட அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மலைத்தடத்தில் சைக்கிள் ஓட்டும்போது என் மகனுக்கு நேர்ந்த விபத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதை மீண்டும் விவரிக்க எனக்கு மனம் வரவில்லை. என் மகன் பிழைத்து எழுந்து, ஊன்றுகோலுடன் வாசல்வரை நடக்கத் தொடங்கியிருக்கிறான். அவனைப் போர்வையிலும் மூங்கிலிலும் டோலி கட்டிக் காபித் தோட்டச் சரிவிலிருந்து சாலைக்குச் சுமந்து வந்த நாகலூர்ப் பக்கத்து இளைஞர்களுக்கும், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மூடுபனியினூடே நிதானமாக இறக்கிய 108 ஓட்டுநருக்கும், சேலம் அரசு மருத்துவமனையின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரவெல்லாம் உடனிருந்த சைக்கிள் குழுவினருக்கும் என் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஆயினும் நான் தனியே சொல்ல வேண்டியது, தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெரியவரைப் பற்றி. டோலியில் கிடந்தபடியே என் மகன் தன் சைக்கிளைக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் அது யார் காதிலும் விழவில்லை. அவர் மட்டும் கேட்டிருக்கிறார். முன்சக்கரம் கோணிப்போய் உருட்ட முடியாமல் கிடந்த அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறித் தம் வீட்டில் சேர்த்து, சேற்றைக் கழுவி, செயினைத் துணியால் துடைத்துத் தேங்காய் எண்ணெய் விட்டு, கோணிப்பையால் சுற்றிக் கட்டி, குப்பனூர் வழியாக இறங்கிய மிளகு வண்டியில் எங்களுக்கு அனுப்பி வைத்தார். கூலியாக நாங்கள் நீட்டிய பணத்தை அவர் வாங்கவில்லை. "பையன் திரும்ப ஓட்டணும் இல்லீங்களா, அதுவரைக்கும் துருப் பிடிக்கக் கூடாதுங்கம்மா" என்று மட்டும் சொன்னார். இனி அவனை மலைக்கு அனுப்பாதீர்கள் என்று எல்லோரும் எனக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. அவன் திரும்ப வருவான் என்று முதலில் நம்பியவர் அவர்தாம். ஐயா, நானும் அன்றுதான் நம்பத் தொடங்கினேன்.

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் 32 கிலோமீட்டர் சுற்றுச்சாலையை அறிவார்கள். அதிலிருந்து பிரிந்து, சில்வர் ஓக் மரங்களுக்கும் அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகளுக்கும் இடையே ஊருக்கு ஊர் ஓடும் ஒற்றையடித் தடங்களில்தான் எங்கள் பிள்ளைகள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஆசைப்படுகிறார்கள். 1820களில் கலெக்டர் காக்பர்ன் இம்மலைக்குக் காபியைக் கொண்டுவருவதற்கு நெடுங்காலம் முன்பே மலையாளி என்று அழைக்கப்படும் இம்மலைப் பழங்குடி மக்கள் இங்கே வாழ்ந்து வந்திருக்கிறார்கள். இன்றும் பள்ளிப் பிள்ளைகளும் காபிப் பழம் பறிக்கப் போகும் பெண்களும் விறகுச் சுமைக்காரர்களும் நடப்பது இந்தத் தடங்களில்தான். நமக்குப் பொழுதுபோக்காக இருக்கும் வழி அவர்களுக்கு அன்றாடப் பிழைப்பின் வழி.

ஆகவே எங்கள் குழு ஒன்றாக அமர்ந்து சில முடிவுகளை எடுத்திருக்கிறது. ஒற்றையடிப் பாதையில் எதிரே ஆள் வந்தால், குறிப்பாகச் சுமையோடு வந்தால், சைக்கிளை விட்டிறங்கி ஓரமாக ஒதுங்கி நிற்போம். தோட்டத்துக்குள் நுழையுமுன் அனுமதி கேட்போம். பழம் பறிக்கும் காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை, தோட்டத் தடங்களைத் தொழிலாளர்களுக்கே விட்டுவிடுவோம். மூடுபனி இறங்கினால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடப்போம்.

மருத்துவர் அனுமதித்ததும் மகனை அழைத்துக்கொண்டு அந்தப் பெரியவரின் வீட்டுக்கு வருகிறோம். சக்கரத்தைக் கோணல் எடுக்கக் கொடுத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தாய்