அக்காக்களின் கூந்தலை எங்கே விட்டீர்கள்?

டிஸ்னி ஸ்டுடியோவில் கதை எழுதும் எல்லோருக்கும்,

வணக்கம். கடல்கன்னி கதையை நீங்கள் இரண்டு முறை எடுத்தீர்கள், 1989-இல் அனிமேஷனாக, 2023-இல் நடிகர்களை வைத்து. இரண்டையும் என் மகளோடு பார்த்தேன். அப்புறம் டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837-இல் வெளியிட்ட மூலக் கதையை அவளுக்குப் படித்துச் சொன்னேன். நடுவில் நிறுத்தி, "இந்தப் பாட்டி படத்துல ஏம்மா வரல?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

1989 படத்துக் கடல்கன்னி ஏரியலை எனக்குப் பிடிக்கும். அவளுக்கு ஆசை உண்டு, கோபம் உண்டு. ஆனால் அவளைச் சுற்றி யார் இருக்கிறார்கள்? அப்பா, நண்டு, மீன், கடற்பறவை, இளவரசன், அவனுடைய பணியாளர், சமையல்காரர். கிட்டத்தட்ட எல்லாரும் ஆண்கள். கார்மன் ஃபாட், கேரன் ஐசன்ஹாவர் என்ற இரு மொழியியலாளர்கள் உங்கள் இளவரசிப் படங்களின் வசனங்களை எண்ணிப் பார்த்தார்கள். கடல்கன்னி படத்தில் 68 சதவீதம் ஆண் பாத்திரங்கள் பேசுவது. 1937-இல் வந்த ஸ்னோ ஒயிட்டில்கூட ஏறக்குறைய பாதிக்குப் பாதி. மனிதக் கால்களுக்காக நாயகி தன் குரலைக் கடல் சூனியக்காரியிடம் இழந்ததால் மட்டும் இப்படி ஆகவில்லை. பேசுவதற்கு வேறு பெண்களை நீங்கள் அதிகம் வைக்கவில்லை.

2023-இல் திருத்தப் பார்த்தீர்கள், அதையும் சொல்ல வேண்டும். பறவை பெண்ணானது. இளவரசனுக்கு ஓர் அம்மா வந்தார். கடைசியில் கப்பலைத் திருப்பி, சூனியக்காரி அர்சுலாவைக் கொல்பவள் ஏரியல்தான். முன்பு அதை இளவரசன் செய்தான். சரி, நல்லது. ஆனால் ஆண்களுக்கு வாயாடிப் பெண்களைப் பிடிக்காது என்று அர்சுலா பாடும் வரிகளை நீக்கினீர்களே, அது எனக்குத் தவறாகப் படுகிறது. அதைச் சொல்பவள் வில்லி. குரலைப் பறிக்க வந்தவள் சொல்லும் பொய் அது என்று குழந்தைக்கே புரியும். அதைவிட, அதே படத்தில் அவளை ஏரியலின் அத்தையாக ஆக்கியதுதான் என்னை உறுத்துகிறது. அம்மா செத்துப் போனாள், அத்தை கொலைகாரி, பாட்டி இல்லவே இல்லை. சொந்தத்தில் அந்தப் பெண் சாய்ந்துகொள்ள ஒரு மூத்த பெண்கூட இல்லை.

ஆண்டர்சன் கதை அப்படி இல்லை. அங்கே அம்மா இல்லாத ஆறு பெண்களையும் வளர்ப்பவள் பாட்டி. மேலே உள்ள உலகத்தைப் பற்றிச் சொல்லித் தருபவளும் அவளே. கடல் சூனியக்காரி நாக்கை அறுத்து வாங்குகிறாள், கொடுமைதான். ஆனால் ஏமாற்றவில்லை. இது முட்டாள்தனம் என்கிறாள். ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பதுபோல வலிக்கும், திரும்பி வர முடியாது, இளவரசன் வேறொருத்தியை மணந்தால் மறுநாள் காலை நீ நுரையாகிவிடுவாய் என்று எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறாள்.

பிறகு அந்தக் கடைசி இரவு. இளவரசனின் கல்யாணக் கப்பலருகே ஐந்து அக்காக்களும் நீரிலிருந்து எழுகிறார்கள். தலையில் கூந்தல் இல்லை. தங்கையைக் காப்பாற்ற, கூந்தலைச் சூனியக்காரியிடம் கொடுத்து ஒரு கத்தி வாங்கி வந்திருக்கிறார்கள். துக்கத்தில் பாட்டியின் நரைமுடியும் உதிர்ந்துவிட்டது என்கிறார்கள். இதைப் படிக்கும்போது என் குரல் உடைந்தது. விடியலுக்குள் அவனைக் குத்தினால் தங்கை பிழைப்பாள். அவளோ கத்தியைக் கடலில் எறிந்துவிடுகிறாள்.

ஆண்டர்சன் பெண்ணியவாதி என்று நான் சொல்லவில்லை. வாய் பேசாமல் வலி தாங்கும் பெண்ணை அவர் புனிதமாக்கியதில் எனக்குச் சம்மதமில்லை. அந்த முடிவை நீங்கள் மாற்றியதிலும் குறை காணவில்லை. ஆனால் மாற்றும்போது, ஒரு பெண்ணுக்காகப் பெண்கள் செய்த மிகப் பெரிய காரியத்தையும் சேர்த்து வெட்டிவிட்டீர்கள். உங்கள் இரண்டு படங்களிலும் கடைசியில் அவளுக்குக் கால் கொடுப்பவர் அப்பாதான். அவர் மனம் இரங்கினால்தான் அவளுக்கு வாழ்க்கை.

வலிமையான பெண் என்றால் கப்பலைத் தனியாகத் திருப்புகிறவள் மட்டும்தானா? மூன்றாம் முறை இந்தக் கதையைத் தொட்டால் பாட்டியைத் திரும்பக் கூட்டி வாருங்கள். அக்காக்களைப் பின்னணியில் நிறுத்தாமல், சூனியக்காரியின் வாசலுக்கு அவர்கள் போகும் வழியைக் காட்டுங்கள். முதலில் கத்தரிக்கோலுக்குத் தலையைக் கொடுத்தது யார், அழுதது யார் என்று ஆண்டர்சனும் எழுதவில்லை. அதை நீங்கள் எழுதுங்கள்.

என் மகள் அன்று தூங்கும் முன் கேட்டது ஒன்றுதான்: "அக்காங்களுக்கு முடி திரும்ப வளர்ந்துச்சாம்மா?"

அன்புடன்,
ஓர் அம்மா